வரைபலகையும் வாடகைக் கருவியும்: கணினிவழிப் படவரைதலில் மாற்று மென்பொருள்கள் பற்றிய ஒரு நோக்கு

1

இலக்கிய ஆராய்ச்சியைத் தமது துறையாகக் கொண்ட ஒருவர் பொறியியற் படவரைதல் பற்றி எழுத முற்படுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயின் ஏட்டிலிருந்து அச்சுக்கும், அச்சிலிருந்து கணினிக்கும் எழுத்துப் பெயர்ந்த வரலாற்றைக் கற்போர் ஓர் உண்மையை நன்கறிவர். ஒரு பனுவலை வாசிக்கும் வழி எவர் கையில் உள்ளதோ, அப்பனுவலும் ஈற்றில் அவர் கையிலேயே உள்ளது என்பதே அது. இன்றைய படவரைஞரின் நிலைமையில் இவ்வுண்மை மிகத் துலக்கமாக வெளிப்படுகின்றது. கட்டடம், வீதி, நீர்வழங்கல், நில அளவை ஆகியவற்றுக்கு அடிப்படையாக அமையும் வரைபடங்கள் இன்று பெரும்பாலும் கணினியிலேயே ஆக்கப்படுகின்றன, கணினியிலேயே பேணப்படுகின்றன. அவற்றை ஆக்குங் கருவியோ விலைப்பொருள் என்ற நிலையிலிருந்து வாடகைப்பொருள் என்ற நிலைக்கு மாறியுள்ளது. குறைந்த விலையிற் கிடைக்கும் மாற்று மென்பொருளுக்கு மாறலாமா, மாறினால் எதனை இழப்போம், எதனைப் பெறுவோம் என்ற வினாக்கள் சிறு அலுவலகங்களுக்குப் பிழைப்புப் பற்றிய வினாக்களாகிவிட்டன. அவற்றை வரலாற்றுப் பின்னணியில் வைத்து விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

கணினிக்கு முற்பட்ட படவரைஞரின் கருவிகளை முதலில் நினைவுகூர்வோம். வரைபலகை, ரீ வடிவ மட்டக்கோல், மூலைமட்டங்கள், கவராயம், மைப்பேனா, ஊடுகாட்டுந் தாள் என்பனவே அவை. ஒருமுறை விலைகொடுத்து வாங்கிய பலகையும் மட்டங்களும் பெரும்பாலும் ஒருவரது தொழில்வாழ்வு முழுவதற்கும் போதுமாயிருந்தன. வரையப்பட்ட படத்தைப் பார்ப்பதற்குக் கண்ணும் ஒளியும் தவிர வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை. கருவியைச் செய்து விற்றவருக்கும் அக்கருவியால் வரையப்பட்ட படத்துக்குமிடையே விற்பனையின் பின்னர் எவ்வித உறவும் எஞ்சியிருக்கவில்லை.

கணினித் திரையில் நேரடியாக வரையும் முறையின் தொடக்கத்தை 1963 ஆம் ஆண்டிற் காண்பது வழக்கம். அவ்வாண்டில் ஐவன் சதலண்ட் என்பவர் மசச்சூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் தமது கலாநிதிப் பட்ட ஆய்வின்பொருட்டு 'ஸ்கெச்பாட்' என்ற செய்நிரலை ஆக்கினார். ஒளிப்பேனாவினாற் திரையிற் கோடிழுக்கவும், இழுத்த கோட்டைத் திருத்தவும் அது வழிசெய்தது. அடுத்துவந்த இரு தசாப்தங்களில் இத்துறை விமானம், மோட்டார் வாகனம் முதலியவற்றை உற்பத்தி செய்யும் பெருங் கம்பனிகளின் எல்லைக்குள்ளேயே வளர்ந்தது. வன்பொருளும் மென்பொருளும் ஒன்றாகப் பிணைத்து விற்கப்பட்ட தொகுதிகளின் விலை பல பத்தாயிரம் டொலர்களாயிருந்தது. சிறு அலுவலகங்கள் அவற்றை எண்ணிப்பார்க்கவும் இயலாதிருந்தன.

இந்நிலையிலேதான் 1982 இல் கலிபோர்ணியாவில் ஜோன் வோக்கர் முதலான செய்நிரலர் சிலர் கூடி ஓட்டோடெஸ்க் கம்பனியைத் தொடங்கினர். மைக்கல் றிடில் முன்னர் எழுதியிருந்த செய்நிரலொன்றை அடிப்படையாகக் கொண்டு 'ஓட்டோகாட்' உருவாகியது. அது அவ்வாண்டு நவம்பரில் லாஸ் வேகாஸ் நகரக் கணினிக் கண்காட்சியிற் காட்டப்பட்டு, டிசம்பரில் வெளியாயிற்று. அப்பொழுது புதிதாகப் பரவிவந்த சிறிய மேசைக் கணினிகளில் அது இயங்கியது. பெருந் தொகுதிகள் செய்த வேலைகள் எல்லாவற்றையும் அதனாற் செய்ய முடியவில்லை. ஆயினும் வேண்டியவற்றிற் பெரும்பகுதியை, விலையின் மிகச் சிறு பகுதிக்குச் செய்தது.

இங்கு மனங்கொள்ள வேண்டிய செய்தி ஒன்றுண்டு. எந்த மென்பொருளுக்கு இன்று மலிவான மாற்றுத் தேடப்படுகின்றதோ, அம்மென்பொருள் தானே ஒரு காலத்தில் மலிவான மாற்றாகத் தோன்றியதாகும். எனவே 'மலிவானது எது' என்ற வினாவோடு நின்றுவிடுவது போதாது. மலிவானது எவ்வாறு ஏகபோகமாயிற்று என்பதையும் அறிதல் வேண்டும்.

3

விலை மட்டுமே ஓட்டோகாட்டின் பரம்பலுக்குக் காரணமன்று. 1986 அளவில் அதனோடு இணைக்கப்பட்ட 'ஓட்டோலிஸ்ப்' என்ற சிறு மொழியின் துணையாற் பயன்படுத்துவோர் தமக்கு வேண்டிய கட்டளைகளைத் தாமே எழுதிக்கொண்டனர். உலகெங்கும் எண்ணற்றோர் தம் உழைப்பை அதன்மேற் சேர்த்தனர். கல்விக்கூடங்கள் அதனையே கற்பித்தன. மாணவர்க்கு அது இலவசமாகக் கொடுக்கப்படலாயிற்று. மூன்றாம் உலக நாடுகளிற் பரவிய அனுமதியற்ற பிரதிகளுங்கூட இறுதியில் இவ்வாதிக்கத்துக்கே துணைபோயின. ஏனெனில் காசு கொடாமற் பழகிய கையும் அக்கருவிக்கே பழகிய கைதான். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருவர் அனுப்பும் கோப்பினை மற்றவர் திறக்கவேண்டியிருந்தது. கட்டடக்கலைஞர், அமைப்புப் பொறியியலாளர், ஒப்பந்தகாரர் ஆகிய மூவருள் ஒருவர் ஒரு மென்பொருளைக் கைக்கொண்டதும் ஏனையோரும் அதனையே கைக்கொள்ள நேர்ந்தது.

ஆதிக்கம் உறுதிப்பட்டதும் உடைமை உறவு மாறத் தொடங்கியது. ஓட்டோகாட்டின் பழைய பிரதிகளை இணையவழி மறுவிற்பனை செய்த ஒருவருக்கும் அக்கம்பனிக்குமிடையே எழுந்த வழக்கில், 2010 இல் ஐக்கிய அமெரிக்காவின் ஒன்பதாம் சுற்று மேன்முறையீட்டு நீதிமன்றம் கம்பனிக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. அதன்படி அப்பிரதியைக் காசு கொடுத்துப் பெற்றவர் அதன் உடைமையாளரல்லர். அனுமதி பெற்றவர் மாத்திரமே. வரைபலகையை விற்றவர் அதனை மறுவிற்பனை செய்யக்கூடாதென்று தடுக்க முடியாது. மென்பொருளை விற்றவராலோ முடியும் என்றாயிற்று.

சட்டத்தில் நிலைநாட்டப்பட்டது சில ஆண்டுகளில் வணிகத்திலும் நடைமுறைக்கு வந்தது. 2016 பெப்ரவரி முதல் தனித்தனி மென்பொருள்களுட் பெரும்பாலானவற்றுக்குப் புதிய நிரந்தர அனுமதிப்பத்திரங்களை விற்பதைக் கம்பனி நிறுத்திக்கொண்டது. மாதச் சந்தா, ஆண்டுச் சந்தா என்னும் வாடகை முறையே எஞ்சியது. 2020 இல் ஓர் அனுமதியை அலுவலகத்திற் பலர் மாறிமாறிப் பயன்படுத்தும் முறையும் கைவிடப்பட்டு, ஆளுக்கொரு சந்தா என்ற முறைக்கு மாற்றம் தொடங்கிற்று. அவ்வாண்டு யூலையில், சாகா ஹடிட் கட்டடக்கலைஞர் நிறுவனம் உட்படப் பிரித்தானியாவின் பெரிய கட்டடக்கலை நிறுவனங்கள் பல ஒன்றுசேர்ந்து, இக்கம்பனியின் மற்றொரு மென்பொருளான றெவிற் பற்றிப் பகிரங்கக் கடிதமொன்றை வெளியிட்டன. விலை ஏறியபோதும் கருவி அதற்கேற்ப வளரவில்லை என்பது அவற்றின் முறைப்பாடாகும். பெருநிறுவனங்களே முறையிடும் நிலையில் நான்கு மேசைகளைக் கொண்ட சிறு அலுவலகத்தின் நிலை சொல்லாமலே விளங்கும்.

இலங்கையர்க்கு இதன் பொருளை ஒரு சிறு கணக்கினாற் காட்டலாம். முழு ஓட்டோகாட்டின் ஆண்டுச் சந்தா ஐக்கிய அமெரிக்கப் பட்டியல் விலைப்படி ஏறத்தாழ 2000 டொலர். இதனை அளவுகோலாகக் கொண்டால் நான்கு பேருக்கு ஆண்டொன்றுக்கு 8000 டொலர் வேண்டும். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்தது. மே மாதத்தில் ஏறத்தாழ 360 ரூபாவாயிற்று. கம்பனி தன் விலையில் ஒரு சதமும் கூட்டாமலே 16 இலட்சம் ரூபாச் செலவு 28 இலட்சத்து 80 ஆயிரமாக ஏறிவிடுகின்றது. வரைபலகையை வாங்கியவர் நாணயப் பெறுமதி வீழ்ந்தபோது பலகையை இழக்கவில்லை. வாடகைக்கு எடுத்தவரோ இழப்பார். குறுக்கப்பட்ட 'எல்.ரீ.' பதிப்பு இவ்விலையின் நாலிலொரு பங்களவுக்குக் கிடைக்கின்றதென்பது உண்மையே. ஆயினும் அதுவும் டொலரில் அளக்கப்படும் வாடகையே.

விலை மட்டுமன்றித் திறவுகோலும் பிறரிடமே உள்ளது. 2022 மார்ச்சில், உக்ரேன்மீதான படையெடுப்பினைத் தொடர்ந்து, ஓட்டோடெஸ்க் ரஷ்யாவில் தன் வணிகத்தை நிறுத்தியது. அப்போர் பற்றி எவர் எத்தகைய முடிவுக்கு வரினும், உற்பத்திக் கருவியொன்றின் ஆளி அதனைப் பயன்படுத்துவோரின் நாட்டில் இல்லை என்ற உண்மை அங்கு வெளிப்பட்டது.

4

இவ்வளவு சுமை இருந்தும் அலுவலகங்கள் ஏன் எளிதில் மாறுவதில்லை? பழக்கம் ஒரு காரணம். அதனிலும் ஆழமான காரணம் கோப்பின் அமைப்பிலே உள்ளது.

மார்க்ஸ் உயிருள்ள உழைப்பையும், பொருள்களிலும் கருவிகளிலும் திரண்டு கிடக்கும் கடந்தகால உழைப்பையும் வேறுபடுத்திக் காட்டினார். இருபது ஆண்டுகளாக இயங்கிவரும் அலுவலகமொன்றின் வரைபடக் களஞ்சியம் அவ்வலுவலகத்தினரின் திரண்ட உழைப்பன்றி வேறன்று. அவ்வுழைப்பு 'டீ.டபிள்யூ.ஜி.' என்ற வடிவத்தில் உறைந்துள்ளது. இவ்வடிவத்தின் உள்ளமைப்பினை ஓட்டோடெஸ்க் வெளியிடவில்லை. கோப்பின் முதல் ஆறு எழுத்துக்கள் அதன் பதிப்பினைக் கூறும். 'ஏசீ1015' எனத் தொடங்கின் அது 2000 ஆம் ஆண்டு வடிவம். 'ஏசீ1032' எனத் தொடங்கின் 2018 ஆம் ஆண்டு வடிவம். அதன் பின்னுள்ளது மனிதர் வாசிக்கத்தக்க எழுத்தன்று. இவ்வாறு, தம் கையால் வரைந்த படமே, பிறர் விதிக்கும் நிபந்தனைக்கு உட்பட்டு மட்டுமே திறக்கத்தக்க அந்நியப் பொருளாக வரைந்தவர்முன் நிற்கின்றது.

இதற்கு மாறான மற்றொரு வடிவமும் உண்டு. மென்பொருள்களுக்கிடையே படங்களைப் பரிமாறுதற்காக 1982 இலேயே இக்கம்பனி வெளியிட்ட 'டீ.எக்ஸ்.எவ்.' என்பது அது. அதன் விளக்கம் பகிரங்கமானது. அதனைச் சாதாரண எழுத்துக் கோப்பாகத் திறந்து வாசிக்கலாம். ஒரு வரியிற் குறியெண், அடுத்த வரியில் அதன் பெறுமானம் என இரண்டிரண்டு வரிகளாக அது அமையும். 0 என்ற எண் வரின் அடுத்த வரி பொருளின் பெயரைக் கூறும். 8 வரின் அது கிடக்கும் லேயரை, அதாவது அடுக்கினைக் கூறும். கோடாயின் 10, 20 என்பன தொடக்கப் புள்ளியின் இரு ஆள்கூறுகள். 11, 21 என்பன முடிவுப் புள்ளியினுடையவை. மென்பொருள் எதுவுமின்றித் தாளும் பென்சிலும் கொண்டே இக்கோட்டை மீள வரைந்துவிடலாம். மூடிய வடிவத்துக்கும் திறந்த வடிவத்துக்குமுள்ள வேறுபாட்டை விளக்க இதனினும் எளிய சான்று வேண்டியதில்லை. எனினும் புதுமையான பொருள்கள் சில இவ்வடிவத்தில் முழுமையாகப் பெயர்வதில்லை என்பதும் கூறப்படவேண்டும்.

மாற்று மென்பொருள்கள் தோன்றுவதற்கு மூடிய வடிவத்தின் மறைபொருள் உடைக்கப்படவேண்டியிருந்தது. அவ்வரலாறு சுவையானது. 1997 இல் ஓட்டோடெஸ்க் சொவ்ற்டெஸ்க் என்னும் கம்பனியை வாங்க முற்பட்டபோது, போட்டி ஒழிந்துவிடுமென ஐக்கிய அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு தலையிட்டது. சொவ்ற்டெஸ்க் உருவாக்கிவந்த மாற்று மென்பொருள் வேறொருவருக்குக் கைமாறவேண்டும் என்பது நிபந்தனையாயிற்று. அது விசியோ கம்பனியிடம் சென்று, 1998 இல் 'இன்ரெலிகாட்' ஆக வெளியாகியது. அவ்வாண்டிலேயே டீ.டபிள்யூ.ஜி. வடிவத்தைப் பகுத்தறிந்து எல்லோருக்கும் பயன்படச் செய்யும் நோக்குடன் ஒரு கூட்டமைப்பும் உருவாகிற்று. பின்னாளில் அது 'ஓப்பன் டிசைன் அலையன்ஸ்' எனப் பெயர்பெற்றது. 2006 இல் ஓட்டோடெஸ்க் இவ்வமைப்பின்மீது வழக்குத் தொடுத்தது. அது 2007 இல் இணக்கத்தில் முடிந்தது. 'டீ.டபிள்யூ.ஜி.' என்ற மூன்றெழுத்தையே தன் வணிகக் குறியாகப் பதியக் கம்பனி செய்த முயற்சி 2014 இல் கூட்டாட்சி நீதிமன்றத்திலும் தோற்றது. 2020 இல் அக்கம்பனியே தான் வழக்காடிய அமைப்பில் உறுப்பினராகச் சேர்ந்தது. மூடிவைத்தல் என்றென்றைக்கும் இயலாதென்பதற்கு இதுவே சான்றாகும்.

5

இன்று கிடைக்கும் மாற்றுக்களை மூவகைப்படுத்தலாம்.

முதலாவது வகை, ஓட்டோகாட்டின் தோற்றத்தையும் கட்டளைகளையும் பின்பற்றி, டீ.டபிள்யூ.ஜி. வடிவத்திலேயே இயங்கும் வணிக மென்பொருள்கள். பெல்ஜியத்தின் பிறிக்ஸ்காட், சீனாவின் இசட்.டபிள்யூ.காட், ஜீஸ்ரார்காட், இத்தாலியின் புரோஜிகாட் என்பன இவ்வகையின. இவற்றுட் பல நிரந்தர அனுமதிப்பத்திரங்களை விற்றுவந்துள்ளன. அடிப்படைப் பதிப்பின் முழு விலை, முழு ஓட்டோகாட்டின் ஓராண்டு வாடகையிலுங் குறைவாக இருப்பதே இவற்றின் கவர்ச்சி. கோட்டுக்கு 'லைன்', இணைகோட்டுக்கு 'ஒவ்செற்', மிகுதியை வெட்ட 'ரிம்' எனக் கை பழகிய கட்டளைகள் அப்படியே செல்லும்.

இரண்டாவது வகை, இலவசமாக வழங்கப்படும் வணிக மென்பொருள்கள். இவை குறித்து எச்சரிக்கை வேண்டும். பிரான்சின் டசோ சிஸ்ரெம்ஸ் 2011 இல் 'டிராவ்ற்சைற்' என்பதை இலவசமாக வெளியிட்டது. உலகெங்கும் பலர் அதற்கு மாறினர். 2019 இறுதியுடன் இலவசப் பதிப்பு நிறுத்தப்பட்டு அதுவும் சந்தாப் பொருளாயிற்று. இலவசம் என்பதும் சந்தையைக் கைப்பற்றும் ஒரு விலையே என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்திற்று.

மூன்றாவது வகை, மூலநிரல் பகிரங்கமாக உள்ள சுதந்திர மென்பொருள்கள். 1999 இல் தொடங்கப்பட்ட கியூகாட், அதன் சமூகப் பதிப்பிலிருந்து கிளைத்த லிபரேகாட் ஆகியன இருபரிமாண வரைதலுக்குரியவை. 2002 இல் தொடங்கிய பிறீகாட் முப்பரிமாண ஆக்கத்துக்குரியது, அதன் 1.0 பதிப்பு 2024 நவம்பரிலேயே வெளியாயிற்று. இவற்றை எவரும் வாடகைப்பொருளாக மாற்ற இயலாது. எனினும் குறைகளை மறைப்பது அறிவியல் நோக்காகாது. டீ.டபிள்யூ.ஜி. கோப்புக்களைக் கையாள்வதில் இவை பின்தங்கியுள்ளன. இவ்வடிவத்துக்கெனச் சுதந்திர மென்பொருள் இயக்கத்தினர் ஆக்கிய 'லிபரேடீ.டபிள்யூ.ஜி.' என்ற நிரற்றொகுதியை லிபரேகாட்டுடன் இணைக்க முடியாதவாறு, இரண்டினதும் சுதந்திர உரிமப் பதிப்புக்களே ஒன்றோடொன்று முரண்பட்டன. விடுதலையை நோக்கமாகக் கொண்ட முகாமுக்குள்ளும் முரண்பாடுகள் உண்டென்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

முதல்வகை மென்பொருள்களை விடுதலையின் வடிவமாகக் கொண்டாடுவதும் தவறாகும். பிறிக்ஸ்காட்டை ஆக்கிய கம்பனியை 2018 இல் சுவீடனைச் சேர்ந்த ஹெக்ஸகன் என்ற பெருங்குழுமம் வாங்கிவிட்டது. இன்று நிரந்தர அனுமதி விற்பவர் நாளை அதனை நிறுத்தலாம். 1982 இல் மலிவாயிருந்தது 2016 இல் எவ்வாறாயிற்று என்பதை மேலே கண்டோம். இவை தரும் நன்மை உண்மையானது. ஆனால் அது விலையிற் கிடைக்கும் தற்காலிகத் தணிவே.

6

மாற முற்படும் அலுவலகம் எவற்றைக் கவனித்தல் வேண்டும்? முதலாவதாகத் தன் தேவையை அளந்துகொள்ள வேண்டும். வீட்டுப்படம், காணிப்படம், வீதிக் குறுக்குவெட்டு ஆகியவற்றோடு அமையும் அலுவலகத்துக்கு இருபரிமாண வரைதலே போதும். அதற்கு முழு ஓட்டோகாட்டின் விலையைக் கொடுப்பது பயன்படுத்தாத அறைகளுக்கும் வாடகை கொடுப்பதாகும்.

இரண்டாவதாக, விளம்பரத்தை நம்பாது, முடிந்துபோன வேலையொன்றைக் கொண்டு பரீட்சிக்க வேண்டும். பழைய கோப்பினைப் புதிய மென்பொருளில் திறந்து, இரண்டிலிருந்தும் ஒரே அளவுத்திட்டத்தில் அச்சிட்டு, ஒளிக்கு நேரே ஒன்றன்மேலொன்று வைத்துப் பார்த்தால் வேறுபாடு புலப்படும். கோடுகள் பெரும்பாலும் பிழைப்பதில்லை. பிழைப்பவை வேறு. அச்சிடும்போது கோட்டின் தடிப்பைத் தீர்மானிக்கும் அட்டவணைக் கோப்பு உடன் செல்லாவிடின் எல்லாக் கோடும் ஒரே தடிப்பாகிவிடும். புளொக் எனப்படும் கதவு, யன்னல் குறித்தொகுதிகளுள், இழுத்தால் அளவு மாறும் வகையின சில இறுகிப்போகும். சிறப்புப் பொறியியல் மென்பொருள்களில் ஆக்கப்பட்ட பொருள்கள் வெறும் உருவமாகத் தெரியும், திருத்த இடந்தரா. லிஸ்ப் கட்டளைகளுட் பெரும்பாலானவை முதல்வகை மென்பொருள்களில் இயங்கும். விண்டோசின் உட்கூறுகளைச் சார்ந்தவை இயங்காதுபோகலாம்.

தமிழிற் குறிப்பெழுதுவோர்க்குத் தனியான இடர்ப்பாடு ஒன்றுண்டு. எம் நாட்டிற் பரவலாக வழங்கிவரும் பாமினி முதலிய பழைய எழுத்துருக்களில், கோப்பினுள் உண்மையிற் கிடப்பவை ஆங்கில எழுத்துக்களே. எழுத்துரு இல்லாத கணினியிற் படத்தைத் திறந்தால் காணியுரிமையாளர் பெயர் பொருளற்ற ஆங்கில எழுத்து வரிசையாகத் தோன்றும். இதற்கு மென்பொருளைக் குறைகூறிப் பயனில்லை. மாற்றத்துக்கு முன்னரே குறிப்புக்களை ஒருங்குறிக்குப் பெயர்த்துக்கொள்வதே வழி. புதிய மென்பொருள் தமிழின் கொம்பையும் காலையும் உரிய இடத்தில் இடுகின்றதா என்பதையும் அப்பொழுதே சோதித்துவிடலாம்.

மூன்றாவதாக, ஒரே நாளில் மாறுவது ஆபத்தானது. ஓடிக்கொண்டிருக்கும் வேலைகளைப் பழையதிலும், புதிய வேலைகளைப் புதியதிலும் செய்து, சந்தா முடியும் நாளுக்கு முன்னர்ப் படிப்படியாகப் பெயர்தல் நன்று. முடிந்த படம் ஒவ்வொன்றையும் டீ.எக்ஸ்.எவ். ஆகவும், அச்சுக்குரிய பீ.டீ.எவ். ஆகவும் சேமித்துவைப்பது கட்டாயமாகும். இதற்குப் பணம் வேண்டியதில்லை. மென்பொருளை மாற்ற எண்ணாதவரும் இதனை இன்றே செய்யலாம். சந்தா முடிந்தபின் இவ்வேலையை எண்ணுவது காலங்கடந்ததாகும்.

7

மேற்கூறியவற்றிலிருந்து பெறப்படும் முடிவு இது. மலிவான மென்பொருளுக்கு மாறுவது நியாயமானது. பல அலுவலகங்களுக்கு அவசியமானது. ஆனால் ஒரு வீட்டுக்காரரை விட்டு வாடகை குறைந்த மற்றொரு வீட்டுக்காரரிடம் செல்வதாக மட்டும் அஃது அமையுமாயின் வரலாறு மீண்டும் தொடங்கிய இடத்துக்கே வரும். உழைத்தவரிடம் இருக்கவேண்டியது அவருடைய உழைப்பின் விளைவைத் திறக்கும் வழியாகும். அவ்வழி பகிரங்கமான கோப்பு வடிவத்திலேயே உள்ளது.

இது தனிப்பட்ட படவரைஞர் தனித்துத் தீர்க்கக்கூடிய பிரச்சினையன்று. பல்கலைக்கழகங்களும் தொழில்நுட்பக் கல்லூரிகளும் ஒரு கம்பனியின் பொருளைக் கற்பிப்பதை விடுத்து, வரைதலின் நெறிகளைக் குறைந்தது இரண்டு மென்பொருள்களிலேனும், அவற்றுள் ஒன்று சுதந்திர மென்பொருளாக, கற்பிக்க வேண்டும். வரைபடங்களைக் கோரும் அரச நிறுவனங்களும் உள்ளூராட்சிச் சபைகளும் திறந்த வடிவத்தை ஏற்றுக்கொள்ள வேண்டும். பொதுப்பணத்தில் வரையப்படும் குளத்தின் படமும் பாடசாலையின் படமும் பொதுமக்களின் உடைமை. இன்னும் ஐம்பது ஆண்டுகளின் பின்னர் அக்குளத்தின் அணைக்கட்டைத் திருத்த முற்படும் பொறியியலாளர், எந்தக் கம்பனி இருந்தாலும் இல்லாவிட்டாலும், அப்படத்தைத் திறந்து பார்க்கக்கூடியவராய் இருத்தல் வேண்டும்.